போஞ்சிப் பாத்தியில் ஒரு பசு

புதிய வழிகாட்டிகளான உங்கள் மூன்று பேருக்கும் கொடுத்திருக்கும் சுற்றுலாக் கோப்பு எனக்கும் வந்தது. பார்த்தேன். தெருப்பெயர்கள் சரி, ஆண்டுகள் சரி, எந்த மூலையில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் சரி. மொன்றியலில் மைல்-எண்ட் பகுதியின் பழைய யூதத் தெருக்களை நீங்கள் தமிழில் நடந்து காட்டப்போகிறீர்கள். இருபது வருடம் அதே தெருக்களைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் காட்டிய எனக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கோப்பில் ஒரேயோர் இடம் வெறுமையாக இருக்கிறது. ஆறாவது தரிப்பிடம். ‘ஒளித்து வைக்கப்பட்ட சிறுமியின் வீடு’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘கௌரி அக்காவிடம் கேட்கவும்’ என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்பதற்கு முன்னமே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்கு முன்னால் நின்று ஆறு கோடைகாலம் நான் பொய் சொன்னேன். ஆட்கள் அழுதார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. செயின்ட்-லோரன் தெருவில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குப் பொக்கற் தைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தொடங்கியது ஒரு யூதக் குடும்பம். முதலில் யூதப் பெண்கள் தைத்த அதே மேசைகளில் பிறகு கிரேக்கப் பெண்களும் போர்த்துக்கீசப் பெண்களும் தைத்தார்கள். கடைசியாக வந்தவர்கள் நாங்கள். தொழிற்சாலையை மூடிய கிழமையில், பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி வந்து துணி வெட்டும் மேசைகள் எந்தப் பக்கம் இருந்தன என்று கேட்டார். காட்டினேன். சாமான் ஏற்றும் மின்தூக்கியை எப்படி ஏமாற்றி ஓடவைப்பது, எந்த யன்னலைத் திறந்தால் மேலாளருக்குத் தெரியாது, சுவரில் யூதர்களின் இத்திஷ் மொழியில் யாரோ கீறிவைத்த வசைச்சொல் எது, எல்லாம் காட்டினேன். ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

“நீர் இப்ப ஒரு சுற்றுலா நடத்தி முடிச்சிட்டீர். தெரியுமோ?” என்றார்.

அவர்தான் இந்த நடைச் சுற்றுலாக்களைத் தொடங்கியவர். என் வயதுதான் இருக்கும். பெயரைப் போட்டால் கோபிப்பார், ஆகவே போடவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவரும் கதைத்தது பிரெஞ்சில். நான் கீழே எழுதப்போகும் பேச்சுகள் அநேகமும் பிரெஞ்சில் நடந்தவைதான். எனக்கு வரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் அவற்றை எழுத முடியும்.

ஆறாவது தரிப்பிடத்தின் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு, மேல்மாடியில் பச்சைக் கதவு, சிறிய பல்கனி. அங்கே ஃப்ரீடா என்ற மூதாட்டி தனியாக இருந்தார். பெல்ஜியத்தில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் நாஜிகள் தாய் தகப்பனைப் பிடித்துக்கொண்டு போனபோது அவருக்கு ஆறு வயது. மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெர்த் என்ற விதவை தன் மகனோடு வாழ்ந்த பண்ணையில் அவரை இரண்டு வருடம் ஒளித்து வைத்திருந்தார். யுத்தம் முடிந்த பிறகு மொன்றியலில் இருந்த மாமா அவரை இங்கே கூப்பிட்டுக்கொண்டார். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி, சுற்றுலாவில் சொல்லலாம் என்று ஃப்ரீடா கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஒரு பக்கம். அதை வைத்துக்கொண்டு நான் இருபது நிமிடக் கதை சொன்னேன்.

முதற் கோடையில் பெர்த்துக்கு ஒரு மடி கொடுத்தேன். சிறுமி இரவில் அழுதால் பெர்த் அவளை மடியில் வைத்துக்கொள்வார். இரண்டாம் கோடையில் ஒரு தாலாட்டு வந்தது. அதற்குப் பிறகு, கடைசி வெள்ளைப் பாண் துண்டைச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டுத் தான் பசியோடு படுக்கும் பெர்த். நான் வேண்டுமென்று புளுகவில்லை, பிள்ளைகளே. ஒவ்வொன்றும் தானாக வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கையாகிவிட்டது. மடி என்ற இடம் வந்ததும் கூட்டத்தில் யாராவது கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுப்பார்கள். நான் அதற்காகக் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் என் கணவர் கேட்பார். அவர் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார்.

“என்னப்பா, இண்டைக்கு எத்தினை பேரை அழவைச்சனீர்?”

“நாலு பேர்.”

“போன கிழமை அஞ்செல்லோ?”

அவர் பகிடியாகத்தான் கேட்டார். நானும் பகிடியாகத்தான் எடுத்தேன்.

ஏழாம் வருடம், ஜூன் மாதம், நல்ல வெக்கை. படிக்கட்டுக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்திவிட்டு நான் மடிக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். வழக்கம்போல ஒருவர் மூக்கைச் சீறினார். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால், மூலைக் கடைப் பையோடு, மேலே ஏற வழியில்லாமல் நிற்கும் ஃப்ரீடாவைக் கண்டேன். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் முதற் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“இந்த நல்ல மனுசி ஆர்? எனக்கும் அவவைத் தெரிஞ்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும்” என்றார்.

சிலர் சிரித்தார்கள். மிச்சத் தரிப்பிடங்களில் என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. முடிந்ததும் திரும்பி வந்து அந்தப் படிகளில் ஏறினேன். கதவு திறந்தேதான் இருந்தது. மேசையில் இரண்டு கோப்பை வைத்திருந்தார்.

“இரும். தேத்தண்ணியைக் குடியும். பேந்து மன்னிப்புக் கேட்கலாம்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினார்.

“தாலாட்டோ? அவ வாய் திறந்தால் ஏச்சுத்தான். முதல் நாளே என்ர தலைமயிரை ஒட்ட வெட்டினவ. பேன் எண்டு சொன்னவ. எனக்குப் பேன் இல்லை. அழுதால் அடி. கேள்வி கேட்டால் அடி. மரக்கரண்டி ஒண்டு எப்பவும் ஏப்ரனில செருகியிருக்கும். பீற்றூட் போட்டு வைக்கிற அறையிலதான் என்ர படுக்கை. மடியைப் பற்றி நீர் சொன்னதைக் கேட்டிருந்தால் அவ உமக்கும் ஒண்டு போட்டிருப்பா.”

“பிறகு ஏன் உங்களை வைச்சிருந்தவ?”

“அதுதான் எனக்குத் தெரியாது” என்றார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஒருநாள் லொறி ஒண்டு மேட்டில ஏறி வந்தது. ஜெர்மன் ஆமிக்காரர் நாலு பேர். நான் முற்றத்தில நிண்டனான். ஓட நேரமில்லை. பெர்த் பாய்ஞ்சு வந்து என்னை அறைஞ்சா பாரும், நான் சேத்தில விழுந்திட்டன். ‘மூதேவி, மாட்டைப் போஞ்சிப் பாத்திக்குள்ள விட்டிட்டியே’ எண்டு கத்தினவ. கால்ல கிடந்த மரச்செருப்பைக் கழட்டி எறிஞ்சவ. ஆமிக்காரருக்கு ஒரே சிரிப்பு. ‘காணும், விடு அம்மா, பிள்ளை செத்துப்போகும்’ எண்டு ஒருத்தன் சொன்னவன். என்ர முகம் முழுக்கச் சேறு. ஒருத்தரும் என்னைச் சரியாப் பாக்கேல்லை. கிணத்தில தண்ணி குடிச்சிட்டுப் போட்டினம்.”

“உங்களைக் காப்பாத்தத்தானே அடிச்சிருக்கிறா!”

“அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவினம். ஆனால் மாடு உண்மையிலேயே போஞ்சிக்குள்ள நிண்டது. நான் என்ர கண்ணால கண்டனான். பாத்தி முழுக்க நாசம். அந்தக் கோபத்தில அடிச்சவவோ, என்னைக் காக்க அடிச்சவவோ? இவ்வளவு வயசாகியும் எனக்குத் தெரியேல்லை. உம்மட கதையில அந்த மாடு இல்லை. மாடு இல்லாமல் அது என்ர கதையில்லை.”

பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

“அந்த மடி எங்கயிருந்து வந்தது?”

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் நாங்கள் கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்தோம். அம்மா, தம்பி, நான். தமிழர்களுக்கு எதிரான கலவரம் தொடங்கிய அன்று பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண், குசுமா அக்கா, எங்களைத் தன் சாமான் அறைக்குள் விட்டுப் பூட்டினார். வாசலில் ஆட்கள் வந்து எங்களைத் தேடியபோது, நாங்கள் முந்தைய நாளே போய்விட்டோம் என்று சொன்னார். அம்மாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. குசுமா அக்கா உள்ளே வந்து அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். அந்த மடிதான் அது. இதை அதுவரை நான் வெளியாட்கள் யாருக்கும் சொன்னதில்லை. ஃப்ரீடாவுக்குச் சொன்னேன். மூன்று நாள் அங்கே இருந்தோம் என்று முடித்தேன்.

“மூண்டு நாளோ? ஏன் மூண்டோட முடிஞ்சது?”

அதையும் சொன்னேன். மூன்றாம் நாள் பின்னேரம் குசுமா அக்கா கதவைத் திறந்து, “இனி ஏலாது. எனக்கும் பிள்ளைகள் இருக்கு. போங்கள்” என்றார். அம்மா அவரைக் கும்பிட்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தானே குடையை எடுத்து, அம்மாவின் முகம் தெரியாதபடி தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அகதிகள் தங்கியிருந்த பாடசாலை வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். ‘போங்கள்’ என்று சொன்னதை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பிறகு பேச்சில் எடுத்ததில்லை. நானும் அதை ஒரு மூலையில் போட்டு மூடிவைத்திருந்தேன்.

ஃப்ரீடா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

“அந்தக் குடையைச் சொல்லும். ‘இனி ஏலாது’ எண்டதையும் சொல்லும். ஆனால் குசுமாவின்ர மடியைக் கொண்டுவந்து பெர்த்துக்குப் பூட்டாதையும். இரண்டு பேருக்கும் அநியாயம்.”

அடுத்த நாள், சுற்றுலாவைத் தொடங்கிய எங்கள் அமைப்பாளரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ஆறு வருசமா நானும் பின்னால நிண்டு கேட்டனான். அந்த ஒரு பக்கத்தை நானும் வாசிச்சனான். மடி எங்க இருக்கு எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. நானும் அழுதுகொண்டெல்லோ நிண்டனான்” என்றார். பிறகு இருவருமாக ஃப்ரீடாவிடம் போய், அவர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, திருத்தி எடுத்து வந்தோம். கணவருக்குச் சொன்னபோது அவர் பெர்த்தின் பக்கம் நின்றார். “போஞ்சிக்குள்ள மாடு பூந்தால் ஆரெண்டாலும் அடிப்பினம்” என்றார்.

புதிய கதைக்கு ஆட்கள் அழுவது குறைந்தது. ஆனால் தரிப்பிடத்தை விட்டு நகர மாட்டார்கள். படிக்கட்டுக்குக் கீழே நின்று, காப்பாற்ற அடித்தாரா, கோபத்தில் அடித்தாரா என்று தங்களுக்குள் வாதாடுவார்கள். மேலே பல்கனியில் ஃப்ரீடா அதைக் கேட்டுக்கொண்டு பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். கூட்டத்துக்கு அவரைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம்.

இப்போது, நான் உங்களுக்கு உண்மையில் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

இரண்டு வருடம் கழித்து, ஓகஸ்டில், பதினாலு பேர் கொண்ட ஒரு கூட்டம். ஐந்தாவது தரிப்பிடம் பேகல் கடை. விறகு அடுப்பில் சுட்ட அந்த ஓட்டை ரொட்டியை வாங்க எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஐம்பது வயது தாண்டிய பெண் ஒருவர் என்னிடம் வந்தார். பெயர் கோலெட். பிரெஞ்சு கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. பெல்ஜியம் என்றார்.

“உங்களிட்ட ஒண்டு கேட்கலாமோ? என்ர அப்பாவின்ர தாய் யுத்தத்தில ஒரு யூதப் பிள்ளையை ஒளிச்சு வைச்சிருந்தவ. அந்தப் பிள்ளை இந்த ஊரிலதான் இருக்கிறா எண்டு கேள்வி. கிராமத்தில ஒரு கல்வெட்டு வைக்கப்போகினம். அவவின்ர சம்மதம் இல்லாமல் வைக்க எனக்கு மனமில்லை. முகவரி தெரியாமல் ஒரு யூதச் சங்கத்துக்கூடாக மூண்டு கடிதம் போட்டன். பதில் இல்லை. இந்தச் சுற்றுலா அறிவித்தலில ஒளிச்சு வைச்ச பிள்ளையின்ர வீடு எண்டு கிடந்தது. அதுதான் வந்தனான்.”

கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். மாட்டுக்கொட்டிலுக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண். படத்தின் ஓரத்தில், மொட்டையடித்தது போன்ற தலையோடு ஒரு சிறுமி. பெண்ணின் ஏப்ரனில் ஒரு மரக்கரண்டி.

அடுத்த தரிப்பிடம் இரண்டு தெரு தள்ளி. அந்த நேரத்தில் ஃப்ரீடா பல்கனியில்தான் இருப்பார்.

உங்களுக்கு இப்படி நடக்காது என்று நினைக்காதீர்கள். இது பழைய கதை அல்ல. இந்த ஊரில் எல்லாருடைய பேரப்பிள்ளைகளும் நடந்து திரிகிறார்கள். எனக்கு அப்போது பேகல் வரிசை நகரும் நேரம்தான் இருந்தது. ஃப்ரீடாவுக்குத் தொலைபேசி அடித்தேன். எடுக்கவில்லை. பல்கனியில் இருந்தால் மணிச்சத்தம் கேட்காது. கோலெட்டைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படிக்கட்டின் கீழே நின்று, உன் அப்பாச்சி அடித்தார் என்று பதின்மூன்று அந்நியர்களுக்கு முன்னால் சொல்வதா? பழைய மடிக் கதையைத் திரும்ப எடுப்பதா? அது நாவின் நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் கோலெட் மகிழ்ந்துபோவார், கூட்டம் அழும், மேலே இருந்து ஃப்ரீடா கேட்பார். இல்லாவிட்டால், மேலே பாருங்கள், அவர்தான் என்று கையைக் காட்டுவதா? மூன்று கடிதங்களுக்குப் பதில் போடாத ஒருவரை நடுத்தெருவில் வைத்துப் பதில் சொல்லச் செய்ய எனக்கு என்ன உரிமை?

கோலெட்டிடம் சொன்னேன். “எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொய்யும் சொல்லமாட்டன். சுற்றுலா முடிய ஒரு மணித்தியாலம் தாங்கோ. ஒரு ஆளிட்டக் கேட்கவேணும். அவ மாட்டன் எண்டால், மாட்டன் எண்டதை மட்டும்தான் வந்து சொல்லுவன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். “ஓம்” என்று மட்டும் சொல்லிப் படத்தை உள்ளே வைத்தார்.

கூட்டத்தை அடுத்த தெருவால் திருப்பினேன். ஒரு தேவாலயத்தின் படிகளில் எல்லாரையும் இருத்தினேன். அறிவித்தலில் போட்ட வீட்டை இன்றைக்குக் காட்ட முடியாது, காரணமும் சொல்ல முடியாது, மன்னிக்க வேண்டும் என்றேன். ஒருவர் முணுமுணுத்தார். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தபோது குசுமா அக்கா வந்தார். சாமான் அறை, மடி, ‘இனி ஏலாது’, குடை. ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் எழும்பவில்லை. கோலெட் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றுலா முடிந்ததும் அவரை ஒரு கோப்பிக் கடையில் இருத்திவிட்டு ஃப்ரீடாவிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பாண் வைக்கும் தகரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே மூன்று கடிதங்கள். ஒன்றும் உடைக்கப்படவில்லை.

“ஏன் திறக்கேல்லை?”

“திறந்தால் நன்றி எழுதவேணும். எழுதினால் பொய்தான் எழுதுவன். உம்மைப்போல” என்றார். பிறகு, “அந்தப் பிள்ளை எப்பிடி? கோவக்காரியோ?”

“இல்லை. களைச்சுப்போய் இருக்கிறா.”

“பத்து நிமிசம் எண்டு சொல்லும். பத்தே பத்து நிமிசம்.” கண்ணாடிக்கு முன்னால் போய் உதட்டுச் சாயம் பூசத் தொடங்கினார். அது கோணலாகப் போனது. நான் துடைத்துவிட்டேன்.

கோலெட் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். கதவடியில் நின்றவரை ஃப்ரீடா மேலும் கீழும் பார்த்தார்.

“அதே நாடி” என்று தன் மோவாயைத் தொட்டுக் காட்டினார். “நீரும் அடிப்பீரோ?”

கோலெட்டுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

“உங்களையுமோ? எங்கள் எல்லாரையும் அடிச்சவ! என்ர அப்பாவுக்கு எழுபது வயசிலயும் அந்த மரக்கரண்டியைக் கண்டால் பயம். இப்பவும் குசினியில தொங்குது. எறிய ஒருத்தருக்கும் துணிவில்லை.”

பத்து நிமிடம் பின்னேரம் முழுக்க நீண்டது. நான் எழும்பினால் ஃப்ரீடா என் கையைப் பிடித்து இருத்துவார். ஒரு கட்டத்தில் அவர் லொறி வந்த கதையைச் சொன்னார். அறைந்தது, சேறு, மரச்செருப்பு. போஞ்சிக்குள் நின்ற பசுவுக்கு வந்ததும் கோலெட்டின் முகம் மாறியது.

“தோட்டத்துப் படலையைத் திறந்துவிட்டது அப்பா” என்றார்.

ஃப்ரீடா கோப்பையை மேசையில் வைத்தார்.

“அப்பாவுக்கு அப்ப பதினொரு வயசு. லொறிச் சத்தம் கேட்டவுடன அப்பாச்சி அவரைப் பிடிச்சு, ஓடிப்போய்ப் படலையைத் திற, மாட்டைப் போஞ்சிக்குள்ள கலைச்சுவிடு எண்டவவாம். அவருக்குக் காரணம் விளங்கேல்லை. ஆமிக்காரர் போனபிறகு கேட்டாராம். ‘கத்துறதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணுமெல்லோ’ எண்டு சொன்னவவாம். அந்தக் குளிர் மாரிக்கு வைச்சிருந்த சாப்பாடே அந்தப் போஞ்சிதான். சாகுமட்டும் அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமோ தெரியாது எண்டு கவலைப்பட்டவர். இரண்டாம் கடிதத்தில எழுதினனான்.”

அந்தக் கடிதம் எங்களிடமிருந்து நாலடி தூரத்தில், பாண் பெட்டிக்குள் கிடந்தது.

ஃப்ரீடா யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லச் சொன்னார்.

“இவ்வளவு காலமும் நான் ஒரு மாட்டுக்கெல்லோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தனான்.”

அதன் பிறகுதான் அழுதார். கோலெட் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஃப்ரீடா சொன்னது இது: “எண்டாலும் அவ்வளவு பலமா அடிச்சிருக்கத் தேவையில்லை.”

கல்வெட்டு விஷயம் கடைசியாகத்தான் வந்தது. கிராமத்தார் எழுதிவைத்திருந்த வாசகத்தைக் கோலெட் வாசித்தார். ‘தாயன்போடு ஒரு யூதச் சிறுமியை அரவணைத்துக் காத்த பெர்த்’ என்ற மாதிரி ஏதோ. ஃப்ரீடா என் பக்கம் திரும்பினார்.

“கதைகாரி, நீர் என்ன சொல்லுறீர்?”

இரண்டு வருடம் முந்தியாக இருந்தால் நான் ஓர் அழகான வசனம் செய்துகொடுத்திருப்பேன். “நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்” என்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: ‘பெர்த் என்னை அடித்தார். என்னை ஒளித்து வைத்தார். தன் சாப்பாட்டில் பாதியைத் தந்தார். ஃப்ரீடா.’

கோலெட் ஊருக்குப் போன பிறகு ஒரு சிக்கல் வந்தது. முதல் வசனம் மரியாதையாக இல்லை, அதை எடுத்துவிடலாமா என்று கிராமசபை கேட்டது. ஃப்ரீடா எனக்குச் சொல்லி எழுதுவித்தார்: முதல் வசனத்தை எடுப்பதென்றால் மற்ற இரண்டையும் எடுத்துவிட வேண்டும், தன் பெயரையும் எடுத்துவிட வேண்டும். கோலெட் சபையோடு சண்டை பிடித்தார். அவருக்கும் அந்த நாடிதானே. அடுத்த வசந்தத்தில் படம் வந்தது. மூன்று வசனமும் கல்லில் இருந்தன.

அந்தக் கோடையில் ஃப்ரீடா தானாகவே கீழே இறங்கி வந்தார். நடைபாதையில் ஒரு மடக்குக் கதிரை போட்டுக் கொடுத்தோம். ஒன்பது சனிக்கிழமை அவரே தன் கதையைச் சொன்னார். நான் பையை வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றேன். எழுதி வைத்ததை விட அவர் சொல்வது எப்போதும் சுருக்கமாக இருக்கும். ஒருநாள் ஓர் இளம்பெண் கேட்டாள்: “நீங்கள் அவவை நேசிச்சனீங்களோ?”

ஃப்ரீடா யோசித்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்து, “நல்ல கேள்வி” என்றார். என்னிடம் கையை நீட்டினார். எழும்ப வேண்டும் என்று அர்த்தம். நான் பிடித்துக்கொண்டேன். படிக்கட்டில் பாதிக்கு வந்ததும் மூச்சு வாங்க நின்றார். இப்போதாவது எனக்குச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மீதிப் படிகளை ஏறத் தொடங்கினார்.

இரண்டு மாரி கழித்து அவர் காலமானார். கோலெட் வந்திருந்தார். வீட்டில் இப்போது வேறு ஆட்கள். கைக்குழந்தை இருக்கிறது, ஆகவே சத்தத்தைக் குறைத்துக் கதையுங்கள், படிகளில் யாரையும் இருக்க விடாதீர்கள். நாங்கள் எழுதி எடுத்த நாலு பக்கமும் இதோடு இருக்கின்றன. தமிழில் சொல்லும்போது உங்கள் கூட்டத்தில் எங்கள் ஆட்கள் இருப்பார்கள். அவர்களில் பலரையும் யாரோ ஒளித்து வைத்திருப்பார்கள், அல்லது ஒளித்து வைக்காமல் விட்டிருப்பார்கள். அவர்களிடமிருந்து அதே கேள்வி வரும். நேசித்தாரா என்று கேட்பார்கள். ஒருமுறை அவரிடம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போனார் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.